சி2-வை மாற்றி மாற்றிப் போட்ட நாட்கள்

ஃப்ரீக்வென்சியை வோல்டேஜாக மாற்றும் எல்எம் 2907 சிப்போடு முதன்முதலில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த கவலை ஒன்றுதான்: டிஸ்ப்ளேயில் கடைசி இரண்டு இலக்கமும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு டிசி மோட்டாரின் வேகத்தை வோல்டேஜாக மாற்ற வேண்டும். கப்ளிங்கில் இருந்த ஆறு போல்ட் தலைகளைக் காந்த பிக்கப் எண்ணும், 1500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150 துடிப்பு, அதாவது 150 ஹெர்ட்ஸ் வரும். சப்ளை 15 வோல்ட், சிப்போடு சேரும் கெப்பாசிட்டர் சி1 0.022 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் ஆர்1 100 கிலோ ஓம். எல்லாவற்றையும் ஃப்ரீக்வென்சியோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 5 வோல்ட், அது சரியாகவே வந்தது. ஆனால் வெளிவரும் வோல்டேஜைச் சமப்படுத்தும் கெப்பாசிட்டர் சி2 1 மைக்ரோஃபாரட்தான் என்பதால் அந்த 5 வோல்ட்டின் மேல் 120 மில்லிவோல்ட் ரிப்பிள் (சிறு ஏற்ற இறக்கம்) உட்கார்ந்திருந்தது, வேகக் கணக்கில் 36 ஆர்பிஎம்.

சி2-வை 10 மைக்ரோஃபாரட் ஆக்கினேன். ரிப்பிள் 12 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது, எண்கள் அடங்கின, வேலை முடிந்தது என்று பெட்டியை மூடிவிட்டேன்.

அப்புறம் அதே வோல்டேஜை வேகக் கட்டுப்பாட்டுக்கும் வேகம் மீறினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஓவர்ஸ்பீட் டிரிப்புக்கும் எடுத்தார்கள். மோட்டாரின் வேகம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கத் தொடங்கியது. அதைவிடப் பயமுறுத்தியது டிரிப் சோதனை. லோடைக் கழற்றியதும் அரை நொடியில் வேகம் 1500-இலிருந்து 1650-க்குப் போனது, என் சர்க்யூட் அந்த நொடியில் 1532 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, ஏனென்றால் ஆர்1-ஐயும் சி2-வையும் பெருக்கினால் ஒரு முழு நொடி டைம் கான்ஸ்டன்ட், வோல்டேஜ் வேகத்துக்குப் பின்னால் அந்த அளவுக்குத் தாமதமாகத்தான் வரும். டிரிப் 1600-இல் வைத்திருந்தோம். பக்கத்தில் நின்ற சீனியர் மோட்டாரைக் கையாலேயே நிறுத்திவிட்டு, "இந்த வோல்டேஜை யார் படிக்கப் போறாங்கன்னு முதல்ல கேட்டியா தம்பி?" என்றார். கேட்கவில்லை. டிஸ்ப்ளேக்கு ஒரு நொடி தாமதம் பெரிய விஷயமில்லை, டிரிப்புக்கு அது ஆபத்து.

அன்று ராத்திரி டேட்டாஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அதில் உள்ள திருத்தக் காரணியை விட்டுவிட்டால், ரிப்பிள் என்பது சப்ளையில் பாதி பெருக்கல் சி1 வகுத்தல் சி2. தாமதம் ஆர்1 பெருக்கல் சி2. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சி2 அடிபட்டுப் போய்விடுகிறது, மிஞ்சுவது வெளிவரும் வோல்டேஜை ஃப்ரீக்வென்சியின் இரு மடங்கால் வகுத்தது மட்டும்தான். இதைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் நான் கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டது ஒரு பக்கத்துப் பாரத்தை இன்னொரு பக்கத்துக்கு நகர்த்திய வேலைதான். ஆர்1-ஐக் குறைத்தாலும் தப்ப முடியாது, வோல்டேஜ் குறையும், அதை ஈடுகட்ட சி1-ஐ ஏற்றினால் ரிப்பிள் திரும்ப வந்துவிடும். உண்மையில் ரிப்பிளுக்கும் தாமதத்துக்கும் நடுவே உள்ள இந்தப் பேரத்தை மாற்றக்கூடியது ஃப்ரீக்வென்சி ஒன்றுதான்.

அதனால் போல்ட் தலைகளை விட்டுவிட்டு 60 பல் உள்ள சக்கரம் போட்டோம். ஹெர்ட்ஸும் ஆர்பிஎம்மும் ஒரே எண்ணாக ஆகிவிடும், அது ஒரு வசதி. சி1 பத்தில் ஒன்றாக, 2200 பிக்கோஃபாரடாகக் குறைந்தது (500-க்குக் கீழே போகக் கூடாது என்று டேட்டாஷீட் சொல்கிறது, நாம் நன்றாக மேலே இருக்கிறோம்). சி2 பழைய 1 மைக்ரோஃபாரட்டே. ரிப்பிள் 12 மில்லிவோல்ட், டைம் கான்ஸ்டன்ட் 0.1 நொடி. மிச்ச ரிப்பிளை இரண்டு போல் பட்டர்வொர்த் ஃபில்டர் (வேகமான ஏற்ற இறக்கத்தை வடிகட்டும் சர்க்யூட்) பார்த்துக்கொண்டது, சிப்புக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் என்ற ஆம்ப்ளிஃபயரே அதற்குப் போதும்.

ஒன்று மட்டும் போகவில்லை. ஸ்கோப்பில் வேகமான ரிப்பிள் மறைந்த இடத்தில் மெதுவான ஒரு அலை தெரிந்தது, நொடிக்கு 25 தடவை, ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒன்று. அதை ஃபில்டரில் அடக்க வேண்டுமானால் மறுபடியும் பழைய தாமதத்துக்கே போக வேண்டும். ஃபிட்டரைக் கூப்பிட்டு டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், சக்கரம் மையம் விலகி உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கழற்றி, புஷ் (நடுவில் பொருந்தும் வளையம்) போட்டு மறுபடி மாட்டினார். மோட்டாரை ஓட்டியதும் திரையில் கோடு நேராக நின்றது, சி2-வை யாரும் தொடவில்லை.