ஸ்ப்ரூஸ் மேற்பலகை: மரம் பார்ப்பதிலிருந்து சட்டம் ஒட்டும் வரை

எஃகுத் தந்தி கிதாருக்கான மேற்பலகையில் (தந்திகளுக்கு அடியில் இருக்கும் முகப்பலகை) சட்டங்கள் (அதை உட்புறமிருந்து தாங்கும் மரக்கம்பைகள்) ஒட்டி முடிந்துவிட்டன. பெட்டியோடு சேர்ப்பதற்கு முன், இதுவரை நடந்த வேலையின் குறிப்பு இது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் சிட்கா, எங்கல்மன், ஐரோப்பியம் என்று மூன்று இனங்களின் ஜோடிப் பலகைகளை அளந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். எந்த இனம் நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இனத்தின் பெயரால் தெரிவது பாதிதான். மீதி அந்தப் பலகையின் எடையிலும் வளைவிலும் அறுப்பிலும் இருக்கிறது.

முதலில் மரம். ஸ்ப்ரூஸ் பேரினத்தில் சுமார் 35 இனங்கள் உண்டு. எல்லாமே வடகோளத்தின் குளிர்ப்பகுதி மரங்கள். ஊசியிலைக்கு நான்கு பட்டை இருப்பதால் பெரும்பாலான இனங்களில் அதை இரு விரலுக்கிடையே உருட்ட முடியும். ஊசி உதிர்ந்தாலும் அதன் அடிக்கட்டை கிளையிலேயே நிற்கும். உலர்ந்த கிளையைத் தடவினால் சொரசொரவென்றிருக்கும். கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கி முழுசாக விழும். பார்வைக்கு ஒத்திருக்கும் ஃபர் மரத்தில் கூம்பு நிமிர்ந்து நின்று, கிளையிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். இந்த மூன்றையும் பார்த்தால் இரண்டும் குழம்பாது.

எது கிதாருக்கு, எது காகிதத்துக்கு என்பதைப் பெரும்பாலும் அடிமரத்தின் பருமன்தான் முடிவு செய்கிறது. மேற்பலகையின் ஒரு பாதிக்குக் கணு இல்லாமல் 20 செ.மீ. அகலம் வேண்டும். அதுவும் பட்டையிலிருந்து நடுவை நோக்கி ஆரவாக்கில் அறுத்த அகலமாக இருக்க வேண்டும். நடுத்தண்டையும் பட்டையோரத்தையும் கழித்தால் 60 செ.மீ.க்குக் குறைந்த மரத்தில் அது கிடைக்காது. கனடாவின் சதுப்பு நிலங்களில் வளரும் கருப்பு ஸ்ப்ரூஸ் பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டர் உயரம்தான், அடிமரமும் ஒல்லி. ஆனால் நார் நீளமானது, அதனால் காகிதக் கூழுக்குப் போகிறது. வெள்ளை ஸ்ப்ரூஸ் 15 முதல் 30 மீட்டர் வரை வளரும். கூழுக்கும் வீட்டுச் சட்டங்களுக்கும் பயன்படும். வடக்கே வாழும் பூர்வகுடிகள் அதன் வேரைப் பிளந்து பிர்ச் பட்டை ஓடங்களைத் தைத்தார்கள். நீல ஸ்ப்ரூஸ் அழகுக்கு வளர்ப்பது. அடிவரை கிளை விடுவதால் கணு மிகுதி, பலகைக்கு ஆகாது.

சிவப்பு ஸ்ப்ரூஸ் கிதாருக்கும் காகிதத்துக்கும் நடுவில் நிற்கிறது. அப்பலாச்சிய மலைத்தொடரிலும் கனடாவின் கிழக்குக் கரையோர மாநிலங்களிலும் 18 முதல் 25 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். அடிரோண்டாக் என்ற பெயரில் கிதார்காரர்கள் சொல்வது இதைத்தான். 1940களின் நடுப்பகுதி வரை அமெரிக்க கிதார்களில் இதுவே முதன்மை மரம். பருத்த மரங்கள் வெட்டித் தீர்ந்ததால் சிட்கா அந்த இடத்துக்கு வந்தது. இப்போது கிடைக்கும் மரங்கள் ஒல்லியானவை. ஆகவே அகலம் குறைந்த நான்கு துண்டுகளைச் சேர்த்துச் செய்த பலகை விற்பனைக்கு வந்தால் ஒதுக்க வேண்டாம். ஒட்டு சரியாக இருந்தால் ஒலியில் அதனால் குறை வராது. வளையம் சாய்ந்த அகலப் பலகையைவிட அது எவ்வளவோ மேல்.

சிட்கா இந்தப் பேரினத்திலேயே பெரியது. அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை, கடலிலிருந்து வரும் ஈரப்பனி தொடும் கரையோரப் பட்டையில் மட்டும் வளரும். 50 முதல் 70 மீட்டர் சாதாரணம். வான்கூவர் தீவின் கார்மானா பள்ளத்தாக்கில் 96 மீட்டர் மரம் ஒன்று நிற்கிறது. கணுவே இல்லாத நீளமான துண்டு இதில் கிடைப்பதால் முதல் உலகப் போரின்போது விமானச் சட்டங்களுக்கென்றே அமெரிக்க ராணுவம் தனிப் பிரிவு வைத்து இதை வெட்டியது. எடைக்குக் கிடைக்கும் விறைப்பு விமானத்துக்கு எவ்வளவு முக்கியமோ கிதாருக்கும் அவ்வளவு முக்கியம். எங்கல்மன் ராக்கி மலையின் உயரங்களில் வளரும், இலேசானது, மென்மையானது. ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் 35 முதல் 55 மீட்டர் வளரும். இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கு, பனெவெஜ்ஜோ காடு போன்ற மலைப்பகுதிகளில் மெதுவாக வளர்ந்தது இசைக்கருவிக்கு விரும்பி வாங்கப்படுகிறது. 2018 அக்டோபரில் வீசிய வாயா புயல் அந்த வட்டாரத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கர்நாடகக் கச்சேரியில் ஒலிக்கும் வயலினின் மேற்பலகையும் ஸ்ப்ரூஸ்தான். வீணைக்குப் பலா, வயலினுக்கு ஸ்ப்ரூஸ்.

இந்தியாவுக்குள் வளரும் ஸ்ப்ரூஸ்களில் நன்கு தெரிந்தது மேற்கு இமயமலை ஸ்ப்ரூஸ். 40 மீட்டருக்கு மேலும் போகும், சிறுகிளைகள் நீளமாகத் தொங்கும், ஊசியும் மற்ற இனங்களைவிட நீளம். அதன் மரம் பொதிப்பெட்டிக்கும் பலகைக்கும் போகிறது.

இனி அளவு. மூன்று ஜோடிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம்: ஒவ்வொரு பாதியும் 555 × 205 மி.மீ., கனம் 4.2 மி.மீ. இந்தக் கனம் பலகை முழுவதும் ஒரே சீராக இருப்பது மிக அவசியம். ஏன் என்பது கீழே. எடை போட்டபோது சிட்கா 208 கிராம், ஐரோப்பியம் 192, எங்கல்மன் 179. கன அளவு 478 கன செ.மீ. ஆகவே அடர்த்தி முறையே கன மீட்டருக்கு 435, 402, 375 கிலோ. நூல்களில் தரும் சராசரிகள் 425, 405, 385. மூன்றுமே சராசரியை ஒட்டி வந்தன. எல்லா ஜோடியும் இப்படி வராது. ஒரே மரத்தின் இரு துண்டுகளுக்கிடையேகூட நல்ல வித்தியாசம் இருக்கும்.

அடுத்து வளைவுச் சோதனை. 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு உருண்டைக் கம்பிகள், அவற்றின்மேல் மரத்தின் ரேகை (நார்) நீளவாக்கில் ஓடும்படி பலகை, நடுவில் குறுக்கே ஒரு மரத்துண்டு, அதன்மேல் எடை. பலகையில் இலேசான முறுக்கு இருந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் முதலில் 200 கிராம் வைத்து அமர விட்டு, தாழ்வை அளக்கும் டயல் கேஜைச் சுழியத்துக்குத் திருப்பி, பிறகு 1 கிலோவைக் கூட்டிப் படிக்க வேண்டும். சிட்கா 1.75 மி.மீ. தாழ்ந்தது, ஐரோப்பியம் 1.95, எங்கல்மன் 2.25. மரத்தின் விறைப்பைக் காட்டும் எண்ணுக்கான கணக்கு: விசையை இடைவெளியின் மும்மடியால் பெருக்கி, (4 × அகலம் × கனத்தின் மும்மடி × தாழ்வு) என்பதால் வகுக்க வேண்டும். 1 கிலோவுக்கு விசை 9.81 நியூட்டன். விடை சிட்காவுக்கு சுமார் 11.5 கிகாபாஸ்கல், ஐரோப்பியத்துக்கு 10.35, எங்கல்மனுக்கு 9. கனம் மும்மடியாக வருவதால் காலிப்பரில் 0.1 மி.மீ. பிசகினால் விடை 7 சதவீதம் பிசகும். பலகையின் பல இடங்களில் கனம் எடுத்துச் சராசரி போடுவது அதற்காகத்தான்.

இந்த எண்களால் என்ன பயன்? சிட்காவை 2.8 மி.மீ. கனத்தில் விட்டால் வரும் அதே நீளவாக்கு விறைப்பு, ஐரோப்பியத்துக்கு 2.9 மி.மீ.யிலும் எங்கல்மனுக்கு 3.04 மி.மீ.யிலும் வருகிறது. அப்படிச் செய்தால், கனம் கூடியும் எங்கல்மன் பலகை சிட்காவைவிட சுமார் 6 சதவீதம் இலேசு, ஐரோப்பியம் சுமார் 4 சதவீதம் இலேசு. கனத்தை இனத்தின் பெயரைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 2.8க்கு இழைப்பவர்கள் எங்கல்மனில் தளர்ந்த பலகையோடு நிற்பது இதனால்தான். பாலத்துக்கு (தந்திகளைப் பிடிக்க மேற்பலகையில் ஒட்டும் கட்டை) முன்னால் குழியும் பின்னால் வயிறுபோல் புடைப்பும் விழும்.

எடைக் கணக்கில் எங்கல்மனே முந்தியது. ஆனாலும் அதை எடுக்கவில்லை. காரணம் ரேகை ஓட்டம். பலகையின் முகத்துக்கு இணையாக நார் ஓடாமல் சாய்ந்து வெளியேறுவதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஜோடியைப் புத்தகம்போல் விரித்து ஒரே விளக்கின் கீழ் வைத்தால் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கருத்தும் தெரியும். பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் வெளுப்பு இடம் மாறும். உறுதிசெய்ய, கழிவுப் பகுதியின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டிப் பிளக்க வேண்டும். ரம்பம் தன் விருப்பத்துக்குப் போகும், பிளவு நாரோடு மட்டுமே போகும். எங்கல்மன் துண்டில் 50 மி.மீ. தூரத்துக்குள் பிளவு 4 மி.மீ. இறங்கியது, ஏறக்குறைய 12க்கு 1. விமானச் சட்டத்துக்கான பழைய விதியே 15க்கு 1க்கு மேல் சாய்வை ஏற்காது. பாலம் ஒட்டும் இடத்தில் இப்படிச் சாய்ந்திருந்தால் தந்தியின் இழுப்பில் நார் அடுக்கடுக்காகப் பெயரும். ஐரோப்பிய ஜோடியில் சாய்வு அநேகமாக இல்லை. அதுவே தேர்வானது.

வளையங்களின் நிலையும் இதே அளவு முக்கியம். பலகையின் முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். ஸ்ப்ரூஸின் குறுக்குவாக்கு விறைப்பு நீளவாக்கு விறைப்பில் ஒரு சிறு பங்குதான். சிட்காவில் 8 சதவீதம் அளவு. வளையம் 45 பாகை சாய்ந்தால் அந்தச் சிறு பங்கும் ஏழில் ஒன்றாகக் குறையும். பலகையின் ஓரத்தை இரு கையால் பிடித்து குறுக்காக வளைத்தாலே இது கைக்குத் தெரியும். ஒரு செ.மீ.க்கு எத்தனை வளையம் என்று எண்ணி விலை கூட்டுவதைவிட இதைப் பார்த்து வாங்குவது பலன் தரும்.

ஒட்டு வேலை. இரு பாதிகளையும் ஜோடியாக மடித்து வைத்து, நீள இழைப்புளியால் ஓரத்தைச் சீவினோம். உப்புத்தாளால் தேய்த்த ஓரத்தில் பஞ்சு நிற்கும், ஒட்டுக்கோடு கருத்துத் தெரியும். கடைசிச் சீவல் இழைப்புளியாலேயே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து பின்னால் விளக்கு வைத்தால் எங்கும் ஒளிக்கோடு தெரியக்கூடாது. தெரிந்தால், இறுக்கி மூடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; ஒரு குளிர்காலத்தில் அந்த இடம் திறக்கும். பசை சூடான வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை). வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸில் பிடிக்க வேண்டும், பலகை ஓரங்களையும் இலேசாகச் சூடாக்க வேண்டும், தடவி ஒரு நிமிடத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் மேலே தோல் கட்டி, ஒட்டாமலே ஒட்டியதுபோல் நிற்கும். கயிறும் ஆப்பும் போட்டு இறுக்கினோம். ஆப்பை அளவுக்கு மீறி அடித்தால் நடுக்கோடு மேலே கிளம்பும். அதனால் முதலில் மேலிருந்து ஒரு கட்டையை அமர்த்திவிட்டுத்தான் ஆப்பை அடிக்க வேண்டும். 24 மணி நேரம் தொடவில்லை.

கனம் குறைப்பதில் ஸ்ப்ரூஸின் சுபாவம் தெரிய வேண்டும். வளையத்தின் வெளிர்ப்பகுதி மென்மை, கருங்கோடு கடினம். மழுங்கிய அலகு மென்பகுதியை வெட்டாமல் அமுக்கிவிடும். பிறகு பாலிஷின் ஈரம் பட்டதும் அது எழும்பி முகமெல்லாம் வரிவரியாகும். எனவே அலகைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முடிவில் ஈரத்துணியால் துடைத்து எழும்புவதை எழும்ப விட்டு, உலர்ந்த பின் ஒருமுறை சீவ வேண்டும். நடுவில் 2.9 மி.மீ. வந்ததும் முழு அகலமான 405 மி.மீ.யோடு மறுபடி வளைவுச் சோதனை வைத்தோம்: 1 கிலோவுக்கு 3 மி.மீ. தாழ்வு. முன்கணக்கும் அதையே சொன்னது. அதன்பின் கீழ்வயிற்றின் (பலகையின் அகலமான கீழ்ப்பகுதி) ஓரங்களை மட்டும் 2.5க்கு இறக்கினோம்.

சட்டங்களும் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், அறுக்காமல் கோடாரியால் பிளந்த துண்டுகள். எக்ஸ் வடிவச் சட்டம் 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம், குறுக்குக் கோணம் 98 பாகை. அடிப்பகுதியை 8.5 மீட்டர் ஆர வளைவுக்குச் சீவினோம், 400 மி.மீ. அகலத்தில் அது 2.35 மி.மீ. மேடு கொடுக்கும். செதுக்கும்போது உயரத்தில் 1 மி.மீ. எடுத்தால் விறைப்பு 19 சதவீதம் போகும், எடையோ 7 சதவீதம்தான் குறையும். அகலத்தில் எடுத்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும். பக்கவாட்டில் முக்கோணமாகச் சரித்து, முகட்டை உயரமாக விடுவது அதனால்தான். பாலத்தகடு (பாலத்துக்கு நேர் கீழே உட்புறம் ஒட்டும் பலகை) மேப்பிள் மரம், 2.5 மி.மீ.

ஈரப்பதத்தைக் கவனிக்காமல் சட்டம் ஒட்டினால் மற்ற வேலை எல்லாம் வீண். குறுக்கே 400 மி.மீ. பலகை, காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்திலிருந்து 80க்குப் போனால் சுமார் 4 மி.மீ. விரியும். சட்டமோ தன் நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் சாதாரணக் காற்றில் ஒட்டிவிட்டு, கருவி குளிர்சாதன அறைக்கோ ஐரோப்பியக் குளிர்கால வீட்டுக்கோ போனால் பலகை சுருங்க இடமில்லாமல் நடுக்கோட்டில் அல்லது பாலத்தின் ஓரத்தில் வெடிக்கும். எதிர்ப்பக்கப் பிழை அவ்வளவு மோசமில்லை: உலர்வாக ஒட்டியது ஈரத்தில் கொஞ்சம் உப்பும், தந்தி உயரும், வெடிக்காது. எனவே பலகையையும் சட்டங்களையும் மூடிய அறையில் ஈரமகற்றியோடு 45 சதவீதத்தில் ஒரு வாரம் வைத்தோம். தினமும் எடை போட்டதில் எடை அசையாமல் நின்ற பிறகே பசையைத் தொட்டோம்.

சிட்கா ஜோடி அடுத்த கருவிக்கு. எங்கல்மனில் பாலத்துக்குத் தூரமான பகுதியை அறுத்து, தோள் பக்கத்துச் சிறு சட்டங்களுக்கு எடுத்துக்கொள்கிறோம். சாய்ந்த நாரைப் பிளந்து நேராக்கினால் அதற்குத் தாராளம். இனி செய்ய வேண்டியது, எக்ஸ் சட்டத்தின் முனைகளை 2.5 மி.மீ.க்கு இறக்கி, பக்கப்பட்டியின் உள்விளிம்பில் அவை உட்காரக் குழி வெட்டுவது.