குறிஞ்சியைப் படுக்க வைத்த காலம்

கடந்த தைப்பொங்கலுக்கு முன்பு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, அம்மாவின் அலமாரிக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு மூன்றாம் படிவத்தில் நாங்கள் ஐவர் சேர்ந்து சேகரித்த ‘மேஜிக்: தி கேதரிங்’ அட்டைகள், பினாங்கின் ஈரக்காற்றில் ஓரம் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி அதற்குள் இருந்தன.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் அது. 60 அட்டைகளுக்குக் குறையாத கட்டு ஒன்றை அவரவரே அமைத்துக்கொண்டு, எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளைத் தீர்க்க வேண்டும். நில அட்டைகள் தரும் ஆற்றலைக் கொண்டுதான் மற்ற அட்டைகளை இறக்க முடியும். பயன்படுத்திய நிலத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எங்களுக்கு அட்டைகளின் ஆங்கிலம் எளிதில் பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வைத்துக்கொண்டோம். திருப்பி வைப்பது ‘படுக்க வைத்தல்’. மீண்டும் நிமிர்த்துவது ‘எழுப்புதல்’. தோற்ற அட்டைகள் போய்ச் சேரும் இடம் ‘சுடுகாடு’. புதிதாக இறங்கிய உயிரினம் அந்தச் சுற்றில் தாக்க முடியாத நிலை ‘வந்த களைப்பு’.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் எங்கள் தமிழ் ஆசிரியை மேசையருகே வந்து நின்றார். அட்டைகளைப் பறித்துக்கொள்வார் என்று அஞ்சினோம். அவரோ மலை, காடு, சமவெளி, தீவு, சேறு என்னும் ஐந்து நில அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி, “முதல் மூன்றும் குறிஞ்சி, முல்லை, மருதம். தீவைச் சுற்றிக் கடல் இருப்பதால் நெய்தல் என்று கொள்ளலாம். சேற்றை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டார். மீதமிருப்பது பாலைதானே என்றோம். “முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்ததுதான் பாலை. நீர் தேங்கிய சேறு எப்படிப் பாலையாகும்?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. அன்று முதல் நான்கு நிலங்களும் திணைப் பெயர் பெற்றன. சேறு மட்டும் சேறாகவே நின்றது. ஒரு குறிஞ்சியைப் படுக்க வைத்து ‘லைட்னிங் போல்ட்’ வீசினால் எதிராளிக்கு 3 புள்ளி போகும் என்பதைச் சொல்லும்போதே நாவுக்கு இனிக்கும். தேர்வுக்காகப் படித்த எதுவும் எனக்கு ஐந்திணையை அவ்வளவு நெருக்கமாக்கியதில்லை.

1997இன் நடுவில் மலேசிய நாணயமான ரிங்கிட் சரியத் தொடங்கியது. 1998 செப்டம்பரில் அரசு அதை ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தியபோது, 15 அட்டைகள் கொண்ட இறக்குமதிப் பொட்டலம் எங்கள் கைச்செலவுக்கு எட்டாததாகியிருந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மும் வந்தது. டின் மூடப்பட்டது.

இப்போது கோலாலம்பூரில் என் மகளோடு விளையாடுகிறேன். பயன்படுத்தாத ஆற்றல் ஆடுபவரின் உயிர்ப்புள்ளியையே குறைக்கும் என்ற பழைய விதி 2009இல் நீக்கப்பட்டதை அவள்தான் எனக்குச் சொன்னாள். ‘செரா ஏஞ்சல்’ என்னும் உயிரினம் தாக்கினாலும் படுப்பதில்லை என்பதை எங்கள் அட்டை ஒரு முழு வாக்கியத்தில் சொல்கிறது. அவளுடைய அட்டையில் அதற்கு ‘விஜிலன்ஸ்’ என்ற ஒரே சொல். அதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். நாங்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தோம். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சொற்களையெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம். ஐவரில் மூவர் இன்று மெல்பர்னிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இம்மலர் அவர்கள் கைக்கும் வரும். அந்தப் புத்தகம் உங்களில் யாரிடமாவது இருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படமெடுத்து அனுப்புங்கள்.