இரண்டு மோட்டார், ஐந்து டிகிரி சாய்வு

பொழுதுபோக்குக்காகக் கட்டிய ராக்கெட்டில், அதைக் கிளப்பும் இரண்டு திட எரிபொருள் மோட்டாரில் ஒன்று பற்றாமல் போனால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் நான்கு மாத வார இறுதிகளைக் கராஜில் கழித்தேன்.

இரண்டு மோட்டார்களை அக்கம்பக்கமாக நேராகப் பொருத்தினால் இரண்டும் எரியும்வரை கவலையில்லை. ஒன்று மட்டும் எரிந்தால் உந்துவிசை நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழும், ராக்கெட் அப்படியே புரண்டுவிடும். முந்தின வருடம் கலிபோர்னியாவின் லூசர்ன் வறண்ட ஏரியில் ஒருவருடைய ராக்கெட் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் சங்குசக்கரம்போலச் சுழன்று தரையில் குத்தியதை நேரில் பார்த்தேன். அழகான வேலைப்பாடு கொண்ட ராக்கெட் அது. அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்து வந்தது ரொம்ப நாள் மனதைவிட்டுப் போகவில்லை.

இதற்குத் தீர்வு பழையதுதான். மோட்டார்களின் வால் முனையை வெளிப்பக்கம் அகட்டி, இரண்டின் உந்துவிசைக் கோடும் ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தின் வழியே போகும்படி சாய்த்துவிட வேண்டும். விசை ஈர்ப்பு மையத்தின் வழியே போனால் புரட்டும் திருப்பம் வராது. ஒன்றே ஒன்று எரிந்தாலும் ராக்கெட் கொஞ்சம் பக்கவாட்டில் நகருமே தவிர, தலைகுப்புற விழாது.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். கஹோன் கணவாயைத் தாண்டி, விக்டர்வில்லில் கிழக்கே திரும்பினால் மொஹாவே பாலைவனத்தில் இந்த வறண்ட ஏரி வரும். மாதாமாதம் அங்கே ஏவுவார்கள். என்னிடம் இருந்தது பெரிய மோட்டார் ராக்கெட்டுகளைப் பறக்கவிடுவதற்கான முதல் நிலைச் சான்றிதழ் மட்டும். அதை வைத்துக்கொண்டு மொத்தம் 640 நியூட்டன்-வினாடி (மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்த உந்துதலின் அளவு) வரைதான் பறக்கவிடலாம். மோட்டார்களுக்கு எழுத்து வரிசை உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும்: 160 முதல் 320 வரை எச், 320 முதல் 640 வரை ஐ. நான் தேர்ந்தெடுத்தது 29 மி.மீ. விட்டமுள்ள எச்128. இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 350, அதாவது ஒரு சின்ன ஐ. என் சான்றிதழுக்குள் அடங்கிவிட்டது. எரிபொருள் மட்டும் இரண்டிலும் சேர்த்து 190 கிராம் அளவுக்கு வரும். 125 கிராமைத் தாண்டினாலே விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி பெற்ற இடத்தில்தான் ஏவ வேண்டும். அதனால் பக்கத்துப் பூங்காவில் விட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது.

சரி, எவ்வளவு சாய்க்க வேண்டும்? முதலில் பத்து டிகிரியாவது வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தாளில் வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நீளமான ராக்கெட்டுக்குக் கொஞ்சம் போதும். என் ராக்கெட் 120 செ.மீ. நீளம், 10 செ.மீ. விட்டம். மோட்டார் குழாய் 20 செ.மீ. அதன் முன்முனையின் நடுப்புள்ளி ராக்கெட்டின் மைய அச்சிலிருந்து 20 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஐந்து டிகிரி சாய்த்தால் இரண்டு கோடுகளும் வாலிலிருந்து 43 செ.மீ. உயரத்தில் சந்திக்கும். சாய்வால் வீணாகும் உந்துவிசை அரை சதவீதம்கூட இல்லை. ஆக, ஈர்ப்பு மையத்தை அந்த 43 செ.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் மோட்டார்களை நேராகவே வைத்து எடையையும் நிலைத்தன்மையையும் கணக்கிட்டேன். சாய்வுக் கணக்கு முழுவதும் பென்சில் வேலை.

வெட்ட ஆரம்பித்த பிறகு மொத்தச் சிரமமும் சென்டரிங் ரிங்கில், அதாவது மோட்டார் குழாய்களை உடலுக்குள் பிடித்து நிறுத்தும் பிளைவுட் வளையத்தில்தான் இருந்தது. குழாய் சாய்வாக நுழைவதால் ஓட்டை நீள்வட்டமாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டேன். ஐந்து டிகிரிக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 6 மி.மீ. பிளைவுட்டின் ஒரு முகத்துக்கும் மறுமுகத்துக்கும் இடையில் ஓட்டையின் நடு அரை மி.மீ. நகர வேண்டும். நேராகத் துளைத்த ஓட்டையில் குழாயைச் செருகினால் அது தன் இஷ்டத்துக்கு நேராக நிற்கப் பார்க்கும். உருண்டை அரத்தால் ஒரு விளிம்பை மேல்பக்கமும் எதிர்விளிம்பைக் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்தேன். நான்கு ஓட்டைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

கோணம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? கோணமானியை வைத்து முயன்று பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. ஏவுதளத்துக்கு நெடுநாளாக வரும் பெரியவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். இரண்டு மெல்லிய மரக்கம்புகளை எடுத்து, குழாயின் நடுவில் ஆடாமல் நிற்கும்படி இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப்பை வளையமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். முனையைப் பென்சில்போலச் சீவ வேண்டும். பிறகு ஒவ்வொரு குழாயிலும் ஒன்றாக விட்டு, வாலிலிருந்து 43 செ.மீ. வரை நீட்ட வேண்டும். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டால் கோணம் சரி. எவ்வளவு எளிமை! என் முதல் முயற்சியில் முனைகள் ஒரே உயரத்தில்தான் வந்தன, ஆனால் பக்கவாட்டில் 3 மி.மீ. விலகி நின்றன. அதாவது குழாய்கள் ஒரே தளத்தில் இல்லை, லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன. அப்படியே ஒட்டியிருந்தால் ராக்கெட் திருகிக்கொண்டே போயிருக்கும். மறுபடி அரம், மறுபடி கம்பு. முனைகள் தொட்ட இரவில் அசைத்தால் கலைந்துவிடுமோ என்று பயந்து, அந்த நிலையிலேயே எபாக்ஸிப் பசையைச் சொட்டு வைத்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

வெளிக்குழாயில் இன்னொரு சிக்கல். வால் முனையில் மோட்டார் குழாய்கள் உடலின் சுவரையே தாண்டி 2 மி.மீ.க்கு மேல் வெளியே துருத்தும். ஆகவே இரண்டு பக்கமும் வாலிலிருந்து 4.5 செ.மீ. நீளத்துக்கு யு வடிவ வாய் வெட்டினேன். மிச்சமிருந்த குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, அந்தக் கோணத்திலேயே தேய்த்தபோது வாயின் விளிம்பு குழாயின் வளைவோடு கச்சிதமாகப் பொருந்தியது. இடைவெளிகளை எபாக்ஸி பசை வைத்து அடைத்தேன்.

நான்கு ஃபின்களையும் (வால் பக்கத்து இறக்கைகள்) மோட்டார்கள் இருக்கும் தளத்துக்கு 45 டிகிரி தள்ளி வைத்தேன். வழக்கமாக ஃபின்னின் வேர் சுவர் வழியே உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொடும். இங்கே முன்பக்கத்தில் குழாய்கள் நெருங்கி நிற்பதால் வேரை 2 செ.மீ.யோடு நிறுத்த வேண்டியிருந்தது. அந்த பலத்தை ஈடுகட்ட வெளியே ஃபின்னும் உடலும் சேரும் மூலையில் தாராளமாக ஃபில்லெட் (பசையாலான வளைவு) போட்டேன்: எபாக்ஸியில் மைக்ரோபலூன் என்ற எடை குறைந்த நிரப்புத் தூளைத் தேன்பதத்துக்குக் கலந்து, இருபுறமும் டேப் ஒட்டி, ஆல்கஹாலில் நனைத்த விரலால் ஒரே இழுப்பு. எபாக்ஸி கெட்டியாகும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் விளிம்பு பிசிறடிக்கும்.

பெயின்ட் அடிப்பதில் பட்டேன். அட்டைக்குழாயின் சுருள் பள்ளங்களை மரப்புட்டியால் நிரப்பி, பிரைமர் அடித்து, 220, 320, 400 என்று உப்புத்தாள் போட்டுக் கண்ணாடிபோல ஆக்கி வைத்திருந்தேன். வெள்ளை முதல் பூச்சு அருமையாக விழுந்தது. இரண்டாவது பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லையென்றால் 48 மணி நேரம் பொறு என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. மறுநாள் காலை வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஆரஞ்சு நிறத்தை அடித்துவிட்டேன். கண் முன்னாலேயே பரப்பு முழுக்கச் சுருங்கி, ஆறிய பாலில் ஆடை கட்டினமாதிரி ஆகிவிட்டது. அடியிலிருந்த பூச்சு பாதிதான் காய்ந்திருந்தது, புதுப் பூச்சின் கரைப்பான் அதை ஊறவைத்துத் தூக்கிவிட்டது. ஒரு வாரம் காயவிட்டு, பிரைமர்வரை தேய்த்தெடுத்து, முதலிலிருந்து தொடங்கினேன். தேய்க்கும்போது என் மகளும் கூட உட்கார்ந்தாள். அவள் கேட்டதால்தான் மூக்குக் கூம்பு கருநீலம் ஆனது.

எல்லாம் முடிந்து மோட்டார்களை ஏற்றி, கயிற்றுச் சுருக்கில் தொங்கவிட்டுப் பார்த்தால் ஈர்ப்பு மையம் 41.5 செ.மீ.யில் இருந்தது. வால் பக்கம் சேர்ந்த எபாக்ஸியும் பெயின்ட்டும் செய்த வேலை. மூக்குக்குள் 45 கிராம் எடை வைத்து 43க்குக் கொண்டுவந்தேன். மொத்த எடை 2.3 கிலோ. ஒரு மோட்டாரின் சராசரி விசை 128 நியூட்டன், ஒன்றே எரிந்தாலும் எடையைப்போல ஐந்தரை மடங்கு. மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது என்பது பாதுகாப்பு விதி.

பாராசூட்டைத் திறக்க மோட்டார் எரிந்து முடிந்து சில வினாடி கழித்து வெடிக்கும் அதன் கருமருந்தை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. இரண்டும் எரிந்தால், எரிந்து முடிந்த 9 வினாடியில் உச்சியை எட்டும், 10 வினாடித் தாமதம் அதற்குப் பொருந்தும். ஒன்று மட்டும் எரிந்தால் ஐந்தரை வினாடியிலேயே உச்சி வந்துவிடும். மீதி நேரம் ராக்கெட் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும். அதனால் உயரத்தை அளந்து பாராசூட்டைத் திறக்கும் ஆல்டிமீட்டர் கருவியை வைத்தேன்: உச்சியில் சின்னப் பாராசூட், 150 மீட்டரில் பெரியது. மோட்டாரின் கருமருந்து மாற்று ஏற்பாடாக இரண்டிலுமே இருந்தது. எந்த மோட்டார் ஏமாற்றும் என்று முன்கூட்டித் தெரியாதே.

ஏவும் நாள் காலை ஏழு மணிக்கே ஏரியில் இருந்தோம். பிற்பகலானால் காற்று கிளம்பிவிடும். பாதுகாப்பு அதிகாரி ஃபின்களை ஆட்டிப் பார்த்தார், மரக்கம்பு சோதனையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். ஒற்றை மோட்டார் என்றால் 100 அடி தள்ளி நின்றால் போதும். கொத்து மோட்டார் என்பதால் 200 அடி தள்ளி இருந்த மேடையைக் கொடுத்தார்கள். மோட்டார்களைப் பற்றவைக்கும் மின்திரிகளான இரண்டு இக்னைட்டரையும் 12 வோல்ட்டில் இணையாக இணைத்தேன். ஆல்டிமீட்டரை முடுக்கி, அது மூன்று முறை கூவுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஐந்து, நான்கு, மூன்று... வெள்ளைத் தீ. ராக்கெட் கிளம்பியது. ஏதோ மெதுவாகப் போகிறதே என்று நான் யோசிப்பதற்குள், "அப்பா, ஒரு பக்கந்தான் புகை வருது!" என்று மகள் கத்தினாள்.

நெஞ்சு அடைத்துக்கொண்டது. புரளும், இதோ இப்போது புரளும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புரளவில்லை. புகைக்கோடு லேசாகக் கிழக்கே சாய்ந்து, பிறகு அந்தச் சாய்விலேயே நிதானமாக மேலே ஏறியது. தீ அணைந்தது. உச்சியில் சின்ன வெண்புகை, சின்னப் பாராசூட், சில வினாடியில் பெரியது. அது தொங்கிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் கருமருந்து தாமதமாக 'டப்' என்று வெடித்தது. ஆல்டிமீட்டர் இல்லாமல் அதை மட்டும் நம்பியிருந்தால், அந்த 'டப்' கேட்கும் நேரத்தில் ராக்கெட் தரையை நோக்கிப் பாதிக்கு மேல் விழுந்திருக்கும். நான் அங்கேயே களிமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் வந்து தோளைத் தட்டினார், இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

உயிருள்ள மோட்டார் ஒன்று உள்ளே இருப்பதால் உடனே ஓடிப்போய் எடுக்க விடவில்லை. அனுமதி கிடைத்ததும் வால் பக்கம் நிற்காமல் பக்கவாட்டில் போய் எடுத்தேன். ஆல்டிமீட்டர் உயரத்தைக் கூவிக்கொண்டிருந்தது: ஆறு, இரண்டு, சுழிக்குப் பத்து. 620 அடி, அதாவது 189 மீட்டர்.

பற்றாத மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம். இக்னைட்டர் எரிந்திருந்தது, ஆனால் எரிந்த கரும்பட்டை இருக்க வேண்டிய இடத்துக்கு 4 செ.மீ. கீழே இருந்தது. இந்த வகை மோட்டாரில் இக்னைட்டர், எரிபொருளின் நடுவே ஓடும் துளையின் உச்சியைத் தொட்டு நிற்க வேண்டும், அங்கிருந்துதான் தீ கீழே பரவி அழுத்தம் ஏறும். நான் கம்பியில் மடிப்பு வைத்து ஆழத்தைக் குறித்திருந்தேன். கிளிப் மாட்டும்போது கம்பி இழுபட்டு இறங்கியதை நான் திரும்பப் பார்க்கவில்லை. இப்போது இக்னைட்டரை மெல்லிய மூங்கில் குச்சியோடு சேர்த்து ஒட்டி, குச்சியை ஏவுமேடையில் ஊன்றி நிறுத்துகிறேன். தானாக இறங்க வழியில்லை.

அடுத்த மாதம் இரண்டும் ஒன்றாகப் பற்றின. சத்தமே வேறு. வாலிலிருந்து இரண்டு வெண்புகைக் கால்கள் விரிந்து, ஐம்பது அறுபது மீட்டர் கீழே ஒன்றாகிக் கலந்தன. ஆல்டிமீட்டர் கூவியது 1,910 அடி. இறங்கிய இடத்துக்கு மகள்தான் முதலில் ஓடினாள். யு வடிவ வாயின் ஓரத்தில் ஆரஞ்சுப் பெயின்ட் இரண்டு விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. வீட்டுக்கு வந்து அதைத் துடைத்தேன். மேலே பெயின்ட் அடிக்கவில்லை.