இரும்புக் கையில் ஒரு தம்புரா

எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத அறைச் சுவரில் சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) படம் ஒன்று தொங்கியது. வகுப்புத் தொடங்குமுன் அதைக் கும்பிடுவோம். வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

1980களின் தொடக்கம். மற்றவர்கள் ஆரம்பப் பாடமான சரளி வரிசையோடு மல்லுக்கட்டும்போது நான் சங்கீதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் மாயாவியிடம் தம்புராவைக் கொடுத்தேன். சங்கீத சேரிடம் பிடிபட்டேன்.

"இதென்னடா?"

"கை, சேர்."

"கை தெரியுது. ஆள் எங்கை?"

"கரண்ட் பாய்ஞ்சால் உடம்பு மறைஞ்சிடும் சேர். கை மட்டும்தான் தெரியும்."

பின்வாங்கில் சிரிப்பு. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சேரோ பென்சிலை வாங்கினார். நாலு தந்திக்கும் நாலு விரல் வைத்திருந்தேன்; அதை அழித்தார். பஞ்சமத் தந்திக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல் என்று சொல்லிக்கொண்டே திருத்தி வரைந்தார். அப்புறம் சுவரைக் காட்டினார்.

"அந்தப் படத்தைக் கீறினவரும் ஒரு பாட்டுக்காரர்தான்."

அன்று பாடம் நடக்கவில்லை. அந்தப் படத்தைக் கீறின எஸ். ராஜத்தின் குடும்பக் கதைதான் நடந்தது. 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் ராமர். தகப்பன் சுந்தரம் ஐயர் ஜனகர். தங்கை ஜெயலட்சுமி சீதை. அண்ணன் ராமர், தங்கை சீதையா என்று வகுப்பே குழம்பிப்போனது. "வேஷம்தானேடா!" என்று சேர் அதட்டினார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது. அதே படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பொடியன் ராஜத்தின் தம்பி. அவர்தான் பின்னாளில் வீணை எஸ். பாலசந்தர்.

வீணையைத் தானாகவே பழகிக்கொண்ட அந்தத் தம்பி சினிமாவும் எடுத்தார். 1954இல் 'அந்த நாள்': சிவாஜி கணேசன் படம், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! சங்கீதக்காரர் ஒருவர் பாட்டில்லாத படம் எடுத்ததைச் சேர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கோ அதுதான் பிடித்தது.

சேருக்கு அண்ணன் ராஜம்தான் உயிர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், வானொலியில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் தொடத் தயங்கும் விவாதி மேளங்களை, அதாவது ஒன்றோடொன்று ஒட்டி உரசும் சுரங்கள் வரும் தாய் ராகங்களை, சர்வசாதாரணமாகப் பாடுவார். 72 மேளங்களுக்கும் கோடீசுவர ஐயர் செய்த தமிழ்க் கீர்த்தனைகளை அவர் பாடிக் கேட்டதைச் சேர் சொல்லும்போது குரலே மாறிவிடும். அந்த மேளங்களில் முதலாவதான கனகாங்கியில் ஒரு வரி பாடியும் காட்டினார். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது சுருதி விலகியதுபோலத்தான் கேட்டது.

பாலசந்தர் 1990இல் போய்விட்டார். 2010 சனவரியில் ராஜமும் தொண்ணூறு வயதில் மறைந்த செய்தியை இங்கே ரயிலில் போகும்போது வாசித்தேன். சேர் அதற்கு முன்பே போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை.

கொப்பியும் இடப்பெயர்வோடு போயிற்று. என் வரைதல் இன்றைக்கும் சுமார்தான். ஆனால் தம்புராவை எங்கே வரையக் கண்டாலும் முதலில் விரலைத்தான் பார்க்கிறேன். பாதிப்பேர் பிழையாகத்தான் வரைகிறார்கள்.