மிளகும் மம்மியும்: ஆறு வயது மகளுடன் வீட்டுப் பள்ளியின் முதல் வருடம்

மகளைக் கிண்டர்கார்டனிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொன்னபோது, தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குச் சட்டம் இடம் கொடுக்குமா?"

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். இங்கே தாராளமாக இடம் கொடுக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையாகவே கருத வேண்டும் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் எழுத்து வடிவிலுள்ள பாடத்திட்டத்தை வைத்து நேர்மையாகச் சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான். பதிவு செய்ய வேண்டாம், அரசுத் தேர்வும் இல்லை. நியூயார்க்கில் இருக்கும் என் தோழி இதே காரியத்துக்கு வருடத் திட்டம் எழுதிக் கொடுத்து, காலாண்டுக்கு ஒரு அறிக்கையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாராவது இறங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் மாநிலத்துச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஏற்கெனவே சேர்த்திருந்ததால் விலகல் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்ன தேதியிலிருந்து வீட்டில் படிக்கிறாள் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். நேரில் வந்து ஒரு படிவமும் நிரப்பச் சொன்னார்கள். சட்டப்படி அது தேவையில்லை என்பதைப் பணிவாக எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த மின்னஞ்சலின் நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முறைக்கு வருகிறேன். வீட்டுப் பள்ளி என்றாலும் அதில் நூறு வழிகள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது கிளாசிக்கல் முறை. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை ஆகிய மூன்றையும் சேர்த்து டிரிவியம் என்றார்கள். டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய ஓர் உரையில், இந்த மூன்றும் பிள்ளை வளரும் மூன்று பருவங்களோடு பொருந்துகின்றன என்றார். சின்ன வயதில் மனதில் ஏற்றிக்கொள்ளும் ஆசை. அதற்கடுத்து எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் வயது. பிறகு தன் எண்ணத்தை அழகாகச் சொல்லத் துடிக்கும் பருவம். அதை வீட்டில் நடத்தக்கூடிய பாடத்திட்டமாக விரித்து, ஜெஸ்ஸி வைஸ், சூசன் வைஸ் பாயர் என்ற தாயும் மகளும் 1999-இல் ஒரு தடிமனான வழிகாட்டி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இந்த வழியில் போகும் பல குடும்பங்களின் அலமாரியில் அதைப் பார்க்கலாம்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. எழுபது வயதுக்கு மேலும் ஆத்திசூடியை ஒரு வரி விடாமல் சொல்வார். ஐந்து வயதில் ஏறியது கடைசிவரை இறங்கவில்லை. இந்த முறையில் போகும் அமெரிக்கக் குடும்பங்கள் லத்தீன் மனப்பாடத்தில் போய்த் தேடுகிற ஒன்று நம் வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று பட்டது. ஆகவே எங்கள் வீட்டில் முதல் வருடத்துக்கு லத்தீன் கிடையாது. அந்த இடத்தில் ஔவையார்.

காலைச் சாப்பாடு முடிந்ததும், தட்டை எடுப்பதற்கு முன்பே, வாரத்துக்கு இரண்டே வரி. "அறம் செய விரும்பு", "ஆறுவது சினம்" என்று தொடங்கினோம். அகர வரிசையில் போவதால், எந்த எழுத்தில் தொடங்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நாக்கு அடுத்த வரியைத் தானே தேடிப் போகிறது. கூடவே உயிரெழுத்து வரிசையும் படிந்துவிடுகிறது. இத்தனைக்கும் நான் எழுத்து வரிசையைத் தனியாகச் சொல்லித்தரவே இல்லை.

மனப்பாடம் நிற்க வேண்டுமானால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆனால் பழையதையெல்லாம் தினமும் சொன்னால் பிள்ளை சலித்துப்போகும். இதற்கு இங்கே வீட்டுப்பள்ளிக்காரர்கள் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. பெட்டிக்குள் தினம், ஒற்றை நாள், இரட்டை நாள், கிழமை, மாதத் தேதி என்று தடுப்புகள். புதிய வரி "தினம்" பகுதியில் இருக்கும். தடுமாறாமல் வந்ததும் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆத்திசூடி 109 வரியையும் இப்படி நகர்த்திக்கொண்டே போகலாம், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எங்கள் பெட்டியில் இரண்டு ஆங்கிலப் பாட்டு, கிழமை, மாதப் பெயர்கள், இரண்டிரண்டாகவும் ஐந்தைந்தாகவும் எண்ணுவது எல்லாமே இருக்கின்றன.

அர்த்தம் புரியாத மனப்பாடம் எதற்கு என்று என் கணவரே கேட்டார். நியாயமான கேள்வி. மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கும் சம்மதமில்லை. இந்த முறையில் மனப்பாடத்துக்கு ஈடாக இன்னொன்று இருக்கிறது: கேட்டதைத் திருப்பிச் சொல்வது. முதல் வருடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

செய்வது எளிது. ஒரு சின்னக் கதையை வாசித்துக் காட்ட வேண்டும், ஒரே ஒரு தடவை. புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீ சொல்லு." சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே வற்புறுத்திய முறை இது. இரண்டாம் தடவை வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். நடுவில் "காக்கா ஏன் கல்லைப் போட்டுச்சு?" என்று நாம் கேட்கக்கூடாது. கேட்டால் அது தேர்வாகிவிடும். பிள்ளை கதையை விட்டுவிட்டு நம் முகத்தில் பதிலைத் தேடும்.

முதல் வாரங்களில் ஈசாப் கதைகள். தாகம் கொண்ட காக்கைக் கதையை வாசித்து முடித்ததும் மகள் சொன்னது இது: "காக்கா. கல்லு. தண்ணி மேல வந்துச்சு." முடிந்தது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை, திருத்தவுமில்லை. அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தான் சொன்னது எழுத்தாகிவிட்டது என்றதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் பார்த்து எழுதும் பயிற்சிக்கு அந்த வரியையே கொடுத்தேன்.

இதில் எங்களுக்கு வாய்த்த பெரிய துணை திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா. இங்கே இரவுச் சாப்பாடு முடியும் நேரம் அங்கே விடியற்காலை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் வருவார். காலையில் ஆங்கிலத்தில் கேட்ட கதையை இரவில் ஆச்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். எனக்குச் சொல்லும்போது "அதான் உனக்கே தெரியுமே" என்ற அலட்சியம் அவளிடம் கொஞ்சம் இருக்கும். ஆச்சிக்கோ கதை நிஜமாகவே தெரியாது. புரியாவிட்டால் விடவும் மாட்டார். அதனால் மகள் கதையைத் தலையிலிருந்து கால்வரை ஒழுங்காகக் கட்டியே தீர வேண்டும். புத்தகத்தின் ஆங்கில வாக்கியத்தை ஒப்பிக்கவும் வழியில்லை. நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் தமிழில் வரும்.

பண்டைய எகிப்தின் அரசன் துட்டன்காமன் கதை சொன்ன இரவு இப்படி நடந்தது.

"ஆச்சி, அந்த ராசாவுக்கு ஒம்பது வயசுதான்."

"ஒம்பது வயசுல ராசாவா? ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா? அவுக அப்பா எங்க போனாரு?"

"செத்துப் போயிட்டாரு ஆச்சி."

"அப்போ ராச்சியத்த யாரு பாத்துக்கிட்டா?"

மகளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், எனக்கும் உடனே சொல்ல வரவில்லை. மறுநாள் நூலகத்தில் தேடி, சின்னப் பையன் பேரில் மூத்த அதிகாரிகள்தான் ஆட்சியை நடத்தினார்கள் என்று கண்டுபிடித்து, அன்று இரவு ஆச்சிக்குத் தகவல் சொன்னாள். முன் வாரங்களில் மூன்று சொல்லோடு நின்றவள், வசந்தம் வருவதற்குள் மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசினாள்.

சரித்திரம் இந்த முறையின் முதுகெலும்பு. உலக வரலாற்றை நான்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு காலகட்டமாகப் படிப்பது. பன்னிரண்டு வகுப்புக்குள் அந்தச் சுற்று மூன்று தடவை வரும். முதல் வருடம் பண்டைக் காலம்: எகிப்து, மெசபொட்டேமியா, சிந்துவெளி, கிரேக்கம், ரோம். எகிப்துப் பாடத்தில் இங்கே பல குடும்பங்கள் ஒரு முழுக் கோழியை உப்பில் புதைத்து மம்மியாக்கிக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை, ஆப்பிளை எடுத்துக்கொண்டோம். எகிப்தியர்கள் இறந்தவர் உடலைக் கெடாத மம்மியாக உலர்த்தப் பயன்படுத்திய நேட்ரான் என்ற இயற்கை உப்பில் இருப்பவை பெரும்பாலும் சலவைச் சோடா, சமையல் சோடா, கொஞ்சம் சாப்பாட்டு உப்பு. ஆகவே ஒரு கப்பில் உப்பும் சமையல் சோடாவும் சம அளவில் கலந்து ஆப்பிள் துண்டு முழுதும் மூடும்படி போட்டோம். இன்னொரு துண்டு வெறும் கப்பில். இரண்டையும் முன்கூட்டியே சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து எடுத்தால், வெறும் கப்பில் இருந்தது கொழகொழவென்று பூசணம் பிடித்துக் கிடந்தது. சோடாவில் இருந்தது சுருங்கி, பழுப்பேறி, தோல் மாதிரி வளைந்தது. எடை பாதிக்கும் கீழே. தராசின் எண்ணைப் பார்த்துவிட்டு, "மீதி எங்கம்மா போச்சு?" என்றாள். கப்பில் கட்டிதட்டிப்போயிருந்த உப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஈரம். அன்று இரவு கேமராவில் காட்டியபோது ஆச்சி, "இது நம்ம உப்பு நார்த்தங்காய் கணக்கால்லா இருக்கு" என்றார். நீர் வற்றினால் கெடாது என்ற பாடம் அந்த ஒரே வரியில் முடிந்தது.

அதோடு நிற்கவில்லை. கி.மு. 1213-இல் இறந்த எகிப்து அரசன் இரண்டாம் ராமேசஸின் மம்மியின் மூக்குத் துவாரத்தில் மிளகு வைக்கப்பட்டிருந்தது. மிளகு தென்னிந்தியக் கொடி. அந்தக் காலத்தில் வேறெங்கும் விளைந்ததில்லை. அதற்கும் பல நூற்றாண்டுகள் பின்னால், ரோமர் காலத்தில், செங்கடல் கரையிலிருந்த பெரனிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில் இந்தியச் சாடி ஒன்று 7 கிலோவுக்கும் மேற்பட்ட மிளகோடு அகழ்வில் கிடைத்தது. அதே கடற்கரையில் இன்னொரு பழந்துறையான குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் சொன்னதும் மகள் சமையலறைக்கு ஓடி மிளகு டப்பாவை எடுத்துவந்து தன் ஆப்பிள் மம்மிக்கு இரண்டு மிளகு பதித்தாள். எகிப்து அவளுக்கு அன்றிலிருந்து அந்நிய தேசமாகத் தோன்றவில்லை. பாடத்திட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த இணைப்புகளைத் தேடிச் சேர்ப்பது நம் பொறுப்பு. தமிழ்க் குடும்பங்கள் இதைச் செய்யாமல் வெறும் கிரேக்கம், ரோம் என்று போவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

எழுத்துதான் கடினமாக இருந்தது. பிப்ரவரி வாக்கில் பென்சிலைத் தொடவே மறுத்தாள். கட்டாயப்படுத்தவில்லை, தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். விஜயதசமிக்குச் செய்வதுதான். சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, அதைப் பற்றி 1797-இல் லண்டனில் புத்தகமே வெளியிட்டார். அங்கே பள்ளிகளில் "மெட்ராஸ் முறை" என்று பரவியது. அரிசி பலித்தது; மார்ச் முடிவில் பென்சிலுக்குத் திரும்பினாள். ஒரு நாளைக்கு ஒரு வரி, நன்றாக எழுதினால் அதோடு நிறுத்திவிடுவேன்.

கணக்கும் ஆங்கில வாசிப்பும் சாதாரணமாகவே போயின. ஒலியைக் கூட்டி வாசிக்கும் பயிற்சி தினம் கால் மணி நேரம், கணக்கு கால் மணி நேரம், புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு. எல்லாம் சேர்த்துக் காலையில் ஒன்றரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும். மீதி நேரம் பூங்கா, நூலகம், வாரத்தில் ஒரு நாள் மற்ற வீட்டுப்பள்ளிக் குடும்பங்களோடு கூடுகை, ஞாயிறு தமிழ்ப் பள்ளி. நண்பர்கள் கிடைக்க மாட்டார்களோ என்ற கவலை எங்களுக்கு வரவில்லை. கல்லூரி பற்றிக் கேட்பவர்களுக்கு: டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் வீட்டில் படித்தவர்களையும் மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஆகஸ்டில் இரண்டாம் வருடம், இடைக்காலம். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் அரியணையைப் பிடித்த அதே பத்தாண்டில்தான் தஞ்சையில் பெரிய கோயில் எழும்பி முடிந்தது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜயம் போனது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்திருக்கிறேன். வைக்கிங் பற்றிச் சிறுவர் புத்தகங்கள் நூலகத்தில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. சோழர் கடற்படை பற்றி ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பாடத்தை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், சின்னச் சின்னப் பத்திகளாக, ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்லும் நீளத்தில்.