பள்ளி வசந்த விழாவும் இ-பாஸும்: ஒரு கோத்தகிரி அனுபவம்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் என் பிள்ளைகள் படிப்பது ஒரு சின்னப் பள்ளி. அரசு உதவி எதுவும் வாங்காமல் ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. பாதிப் பிள்ளைகள் சுற்றியுள்ள ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களிலிருந்தும் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள். மீதிப் பேர் கோவை, திருப்பூர், சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு நாள் வசந்த விழா நடக்கும். பனியில் கருகின தேயிலை மறுபடி துளிர்த்து, ஜகரண்டா மரங்கள் ஊதாவாக நிற்கும் நேரம் அது. விடுதிப் பிள்ளைகளின் பெற்றோரும் உள்ளூர்ப் பெற்றோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

2025 விழாவுக்குப் போக்குவரத்துப் பொறுப்பு எனக்கு வந்தது. வெளியூரிலிருந்து ஆட்களை மலைக்கு வரவைக்க வேண்டிய வேறு யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் தேதி. புனித வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, ஏப்ரல் 19 என்று முடிவு செய்தார்கள். நான் கூட்டத்திலேயே வேண்டாம் என்றேன். ஒன்று, அந்த மூன்று நாள் லீவில் கீழே உள்ள ஊர்களெல்லாம் மலைக்கு வரும். இரண்டு, சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கு மறுநாள் ஈஸ்டர். "வெளியூர்க்காரங்களுக்கு இதை விட்டா லீவு கிடைக்காதுங்க" என்றார் தலைமை ஆசிரியை. கை தூக்கச் சொன்னார்கள், என் பக்கம் ஆள் கம்மி. சரி, ஆகட்டும்.

அடுத்தது இ-பாஸ், அதாவது வண்டி மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். அந்த முதல் வருடம் எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். 2025 ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இது பொருந்தாது. டிஎன் 43 என்று தொடங்கும் எங்கள் மாவட்ட வண்டிகளுக்கும் பாஸ் வேண்டாம். இதை எதிர்த்து வியாபாரிகள் ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுக்கக் கடையடைத்தார்கள். அன்று காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. "மலையையே மூடிட்டாங்களாமே, விழா இருக்கா இல்லையா?" என்று சென்னையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள்.

பாஸ் எடுப்பது கஷ்டமே இல்லை. கட்டணமும் கிடையாது. இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். அதன் பிறகு வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் போகிறோம், எங்கே தங்குகிறோம் என்று நிரப்பினால் கியூஆர் கோடுடன் பாஸ் வந்துவிடும். ஆனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதிப் போட்டால் மட்டும் வேலை நடக்காது. கட்டைவிரல் படம் போடுவார்கள், பாஸ் போட மாட்டார்கள். கடைசியில் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்து, வாங்கிய பாஸின் படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பாதவர்களை அடுத்த நாள் மறுபடி அழைத்தேன். பள்ளி அலுவலகத்து அக்கா, "நீங்க தாலுகா ஆபீசுல வேலைக்குப் போயிருக்கலாம்" என்றார்.

அப்படியும் ஒரு குடும்பம் மாட்டியது. பாஸ் போட்ட கார் கிளம்பும் அன்று பழுதாகி, மைத்துனர் காரில் வந்தார்கள். சோதனைச் சாவடியில் எண் ஒத்துப்போகவில்லை. ஓரமாக நிறுத்தி, புது எண்ணுக்குப் பதிவு செய்து, தாமதமாக வந்து சேர்ந்தார்கள். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

உருப்படியான யோசனையைச் சொன்னவர் எங்கள் பள்ளி வண்டி டிரைவர் அண்ணன். அவர் மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். "நம்ம வண்டி டிஎன் 43 தானேங்க. மேட்டுப்பாளையத்துல காரை விட்டுட்டு வரச் சொல்லுங்க, நான் ஏத்திட்டு வர்றேன்" என்றார். அதன்படியே செய்தோம். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் காரைக் கீழே விட்டுவிட்டுப் பள்ளி வண்டியில் கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனை வழியாக ஏறின. இன்னும் சிலர் அரசுப் பேருந்தில் வந்தார்கள். மலைப்பாதையில் கார் ஓட்டிப் பழக்கமில்லாத அப்பாக்களுக்கு உள்ளூர நிம்மதி என்பது முகத்தில் தெரிந்தது.

இன்னொரு விஷயம். சீசன் நெரிசலில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுவது இங்கே வழக்கம். கோத்தகிரிக்கே வருகிறவர்களும் சுற்ற வேண்டி வரலாம். அதனால் காரில் வந்தவர்களிடம் இரண்டு வழியையும் சொல்லி, விழா பத்தரைக்கு என்றால் ஒன்பதரைக்கு என்றே சொல்லி வைத்தேன்.

தண்ணீர் பாட்டில் சமாச்சாரம் தனிக் கதை. இந்த மாவட்டத்தில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சாவடியில் பையைத் திறந்து பார்த்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வரச் சொன்னோம். பள்ளியில் குடத்தில் தண்ணீரும் டம்ளரும் வைத்தோம். சாப்பாட்டுக்குப் பாக்குமட்டைத் தட்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தடையில் வருவதால் டீயும் டம்ளரில்தான். டம்ளர் கழுவுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவரும் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர்களோடு கழுவ நின்றார். மகன் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

விழா எப்படி இருந்தது என்று கேட்டால், மேடை நிகழ்ச்சிகள் எல்லாப் பள்ளியிலும் நடப்பவைதான், கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்தது மதியத்துக்கு மேல் நடந்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து வந்த பாட்டிமார் வெள்ளை முண்டோடு வட்டமாக ஆட ஆரம்பித்தார்கள். படுகர் ஆட்டத்தில் பார்வையாளராக நிற்க யாரையும் விட மாட்டார்கள். சென்னை அம்மாக்கள், எஸ்டேட் லைன் அப்பாக்கள், பி.டி. சார் எல்லோரும் உள்ளே இழுக்கப்பட்டார்கள். அந்த லைன் குடும்பங்களில் பல, 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் வீட்டுத் தேங்காய்ச் சம்பலும் ஹட்டி வீட்டு அவரை உதக்க என்கிற குழம்பும் ஒரே மேசையில் இருந்தன. சம்பல்தான் முதலில் தீர்ந்தது.

நாலு மணிக்குக் கோடை மழை இறங்கியது. வெளியூர்க்காரர்கள் மழை நிற்கட்டும், மெதுவாகக் கிளம்பலாம் என்று உட்கார, சமையல் மாஸ்டர் என்னிடம் வந்தார். "அம்மா, இருட்டறதுக்குள்ள பாத்திரமெல்லாம் கழுவி உள்ள வெச்சிரணும். இன்னைக்கு எண்ணெய்ச் சட்டி நெறைய. வாசனை வெளிய போச்சுன்னா கரடி வந்துரும்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் தேடிக் கோயிலுக்குள்ளும் சத்துணவுக் கூடத்துக்குள்ளும் கதவை உடைத்துக்கொண்டு போவது ஊரறிந்தது. மிச்சச் சோற்றைக் குழியில் கொட்டி மூடினால் தோண்டி எடுத்துவிடும். அதனால் மிச்சமே இல்லாமல் பார்த்தோம். சோறும் குழம்பும் லைன் வீடுகளுக்குத் தூக்கில் போயின. எண்ணெயை டின்னில் அடைத்து உள் அறையில் பூட்டினார் மாஸ்டர். கரடி என்றதும் வெளியூர்க் குடும்பங்களும் தாமாகவே வண்டி ஏறிவிட்டன. மாலையில் ஆட்களைக் கிளப்ப நான் யோசித்து வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை.

இரவு எட்டு மணிக்கெல்லாம் கடைசிக் குடும்பமும் மேட்டுப்பாளையத்தில் காரை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த விழாவுக்கு நீண்ட விடுமுறை வேண்டாம், மார்ச்சிலேயே ஒரு சாதாரணச் சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்ச்சில் பரீட்சை இருக்கிறதே என்கிறார் தலைமை ஆசிரியை. பேச்சு இன்னும் முடியவில்லை.