லேடி மெக்பெத் ஒத்திகை: மெழுகுவத்தியில் வந்து நிற்கிறது

ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் லேடி மெக்பெத்தாக நடிக்கிறேன். கணவன் மெக்பெத், அரசன் டங்கனைக் கொல்லும் இரவுக் காட்சி ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. கணவன் கையிலிருந்து கத்திகளை வாங்கும் இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். நான் தாழ்த்திப் பேசினேன், காட்சிக்கு உயிர் வந்துவிட்டது. கோட்டை முழுக்க விருந்தாளிகள் தூங்கும்போது அவள் எப்படிக் கத்துவாள்?

அதற்குச் சற்று முன்னால் வரும் வரிதான் எனக்கு முக்கியம். தூங்கும் டங்கன் தன் அப்பாவைப் போல இருந்திராவிட்டால் தானே காரியத்தை முடித்திருப்பேன் என்கிறாள். பலர் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நான் பாத்திரத்தையே இதன்மேல்தான் கட்டியிருக்கிறேன். இவ்வளவு சொன்னவள், கத்திகளைத் திருப்பி வைக்க அதே அறைக்குள் போகிறாள். காவலர்கள்மேல் ரத்தம் பூசுகிறாள். டங்கனின் அந்த முகத்தைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. நாடகம் அதை மேடையில் காட்டுவதில்லை. அதனால் திரும்பி வரும்போது, வசனத்துக்கு முன் ஒரு மூச்சு மட்டும் நிற்கிறேன். கைகள் உடம்பில் படாமல் சற்றுத் தள்ளியே இருக்கும்.

இதற்காக அவளை அப்பாவி ஆக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. காவலர்களின் பானத்தில் மருந்து கலந்தது அவள்தான். கணவனின் ஆண்மையைக் குத்திக் குத்தி அனுப்பியதும் அவள்தான். அதே சமயம் பிறகு நடக்கும் தோழன் பாங்கோவின் கொலையை மெக்பெத் அவளிடம் மறைக்கிறான். எதிர்த்து நின்ற பிரபு மக்டஃபின் குடும்பத்தை அவன் அழித்ததிலும் அவளுக்குப் பங்கில்லை. ஆனால் தூக்கத்தில் மக்டஃபின் மனைவி எங்கே என்று கேட்பவள் இவள். தான் செய்யாததையும் சேர்த்துச் சுமக்கிறாள். இரண்டையும் ஒரே உடம்பில் காட்ட வேண்டும். அழுது நடித்தால் பாதிதான் வரும்.

இப்போது தூக்கத்தில் நடக்கும் காட்சியில் மெழுகுவத்தி பாடாய்ப் படுத்துகிறது. கையில் விளக்கோடு வருகிறாள், கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவவும் வேண்டும். 1785இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிகை சாரா சிடன்ஸ் மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு நடித்தார். அதுவரை நடிகைகள் அதைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அரங்கை நடத்திய ஷெரிடன் எதிர்த்தும் அவர் கேட்கவில்லை. சிடன்ஸ் செய்ததுதான் சரி. ஆனால் எங்கே வைப்பது? தரையில் வைக்கக் குனிந்தால் தூக்கம் கலைந்தவள்போல் ஆகிவிடுகிறது. மேசைமேல் பார்த்து வைத்தால் விழித்திருப்பவள். இப்போதைக்கு இடுப்பு உயர முக்காலி, கண் நேராக இருக்க, கை மட்டும் இடத்தைத் தேடிப் போகிறது. நன்றாகவே வருகிறது, ஆனால் மெழுகுவத்தித் தாங்கியின் அடி, முக்காலி விளிம்பில் இடித்து ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்கிறது. அடியில் ஃபெல்ட் துணி ஒட்ட வேண்டும்.

நீளக் கை வைத்த உடையில் நிஜத் தீ வேண்டாம் என்று எல்.இ.டி மெழுகுவத்தி வாங்கினேன். எடையே இல்லை. எடையில்லாததைத் தூக்கும் மணிக்கட்டு முன்வரிசையில் காட்டிக்கொடுத்துவிடும். தாங்கிக்குள் மணல் நிரப்பியதும் நடையே மாறிவிட்டது. மினுக்கல் மட்டும் ஒரே தாளத்தில் வருகிறது. வாங்குபவர்கள் எரியவிட்டுப் பார்த்து, ஒழுங்கில்லாமல் மினுக்குவதையே எடுங்கள்.

போகும்போது விளக்கை எடுத்துக்கொள்வதா, விட்டுப் போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் மனம், கிரேக்க நாடகத்தில் கணவன் அகமெம்னானைக் கொல்லும் கிளைட்டெம்னெஸ்ட்ராவிடம் போய்விட்டது. கணவன் பலிகொடுத்த மகள் அவளுக்குக் காரணமாக இருக்கிறாள், லேடி மெக்பெத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அகமெம்னான் நடந்து போக விரிக்கும் துணிக்குச் சாயம் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.